பச்சை மைக் கையெழுத்து

சாட்சிக் கூண்டில் நின்ற அடைக்கலமேரியிடம் எதிர்த்தரப்பு வக்கீல் சேரன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"படிக்கத் தெரியுமாம்மா ஒங்களுக்கு?"

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். தெரியும்."

"அப்ப, அடியில பச்சை மையில ஒரு கையெழுத்து இருக்குல்ல, அதுக்குக் கீழ யார் பேரு போட்டிருக்குன்னு கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

அடைக்கலமேரி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வாயசைத்துப் படித்தாள். படித்து முடித்தவள் நீதிபதியையும் பார்க்கவில்லை, சேரனையும் பார்க்கவில்லை. தனக்காக வாதாட வந்திருந்த பிரகதீஸ்வரியைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா."

"எங்க வக்கீலம்மா பேரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரகதீஸ்வரி எழுந்து, இது முன்கூட்டியே தாக்கல் செய்யாத ஆவணம், இதைச் சாட்சியிடம் காட்டக் கூடாது என்று ஆட்சேபித்தாள். குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் காட்டுவதற்கு முன்கூட்டித் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று சேரன் சட்டப்பிரிவைச் சொன்னார். சொன்னது சரிதான் என்பது அவளுக்கும் தெரியும். நகல் ஒன்று அவள் மேசைக்கு வந்தது.

மேலே அரசு முத்திரை. பக்கத்தில் 'சட்டமன்ற உறுப்பினர்' என்று அச்சிட்ட அவளுடைய பெயர். தேதி பத்து வருடத்துக்கு முந்தியது. நடுவில் நாலே வரி. இலந்தைக்காடு கிராமத்து வாரியில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் வரத்தே இல்லை, பொதுமக்கள் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, எனவே அதன்மேல் பாதை அமைத்துக்கொள்ள அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். நாலு வரியும் தாளின் மேல்பாதியிலேயே முடிந்துவிட்டன. அதற்குக் கீழே ஒரு சாண் வெறுமை. அதற்கும் கீழே, தாளின் அடிவிளிம்பில், அவளுடைய கையெழுத்து.

அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்ததுமே நடந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காது மடல்கள் சூடேறின. வாய்தா கேட்டாள். இரண்டு வாரம் கிடைத்தது.

வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில், அடைக்கலமேரி அவளுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். அறுபது வயதிலும் காட்டு வேலைக்குப் போகிற உடம்பு. கூட வந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பத்தடி தள்ளி நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கையெழுத்து ஒங்களுதா, இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்பறம் எதுக்கும்மா எங்க கேஸ எடுத்தீங்க?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன். வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

அடைக்கலமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கொழுந்தன் நாகப்பட்டணத்து வட்டிக்காரன்கிட்ட வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னப்ப நீங்க என்னா பேச்சுப் பேசுனீங்க? தலையில களிமண்ணா இருக்குன்னீங்க. நான் அங்கனதான் நின்னேன். படிக்காத பயல அப்படிக் கேட்டீங்களே, ஒங்கள யாரு கேக்குறது?"

அடைக்கலமேரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள்.

வழக்கு இதுதான். இலந்தைக்காட்டுக் குளத்துக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் ஓடையை ஊரில் வாரி என்பார்கள். தேங்காய் நார் ஆலை வைத்திருந்த சிவபிரகாஷ், லாரி வந்துபோக அந்த வாரியில் இருநூறு அடி நீளத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டான். இரண்டு ஐப்பசி மழை குளத்துக்கு வராமலே போனது. போர்க் குழாய்களில் எழுநூறு அடிக்குக் கீழே காற்றுதான் வந்தது. புயலில் விழுந்ததுபோக மறுபடி வைத்த தென்னங்கன்றுகள் குருத்தோடு காய்ந்தன. நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்து அடைக்கலமேரி வழக்குப் போட்டாள். மண்ணை அள்ளு, வாரியைத் திற. அவ்வளவுதான்.

சிவபிரகாஷ் பிரகதீஸ்வரியின் கட்சியில் ஒன்றியச் செயலாளர். அது தெரிந்தேதான் அவள் வழக்கை எடுத்தாள். தன் கட்சிக்காரனுக்கு எதிராகவே நிற்கிறாள் பார் என்று ஊர் பேசியபோது அவளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் நாக்கில் கசந்தது.

அவளுடைய அப்பா கீரமங்கலத்தில் பூக் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். திருச்சியில் சட்டம் படித்து முடித்துவிட்டு அவள் ஊர்ப்பக்கத்துக் கோர்ட்டுக்கே வந்து கறுப்பு அங்கியை மாட்டியபோது, "பொம்பளை வக்கீல்கிட்ட யாரு கேஸ் கட்டைத் தூக்கிட்டு வருவா?" என்று வக்கீல் அறையிலேயே கேட்டார்கள். வந்தார்கள். பாகப்பிரிவினை, வேலித் தகராறு, பாதைத் தகராறு, ஜீவனாம்சம் என்று அரிமளத்திலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். இருபது வருடம் அப்படிப் போனது. ஒரு தேர்தலில் கட்சியின் இரண்டு பெரிய ஆட்கள் சீட்டுக்கு அடித்துக்கொள்ள, யாருமே எதிர்பாராத மூன்றாவது ஆளாக அவள் பெயரை அறிவித்தார்கள். ஜெயித்தாள். சட்டமன்றத்தில் ஐந்து வருடத்தில் ஏழு முறை பேசினாள். அதில் ஒன்று, குளங்களையும் வரத்து வாரிகளையும் ஆக்கிரமிக்கிறவர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று. எதிர்க்கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தொடர் நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக்கோட்டையில் ரயிலேறப் போவதற்கு முன்னால், வீட்டுக்காரர் ஆத்மநாதன் கடிதத்தாள் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அவள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவாள். ஆஸ்பத்திரிக்கு, காலேஜ் சீட்டுக்கு, பஸ் நிறுத்தத்துக்கு என்று வருகிறவர்களை அவள் ஊருக்கு வரும்வரை காக்க வைக்க முடியாதல்லவா? முதலில் பத்துத் தாள். அப்புறம் முப்பது, நாற்பது.

அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்கவில்லை. மறு திங்கட்கிழமையே அங்கியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிட்டாள். பத்து வருடம் கழித்து இப்போது மறுபடி அவள் பெயர் அடிபடுகிறது. அடுத்த மாதம் சென்னையில் நேர்காணல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நகலை ஆத்மநாதன் முன்னால் போட்டாள். அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நகலை எடுத்து நிதானமாகப் படித்தார். பழைய வாத்தியார் பழக்கம், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் படித்தார்.

"இத அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

மழுப்புவார், மறந்துபோச்சு என்பார் என்று நினைத்திருந்தாள். அவர் நேராகச் சொன்னது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"எதைச் சொல்றது, எதை விடுறது? ஒரு நாளைக்கு அறுபது பேரு வாசல்ல நின்னாங்க. நீ மெட்ராஸ்ல இருந்த. நான்தானே இங்கிட்டு ஒத்த ஆளாக் கெடந்து பாத்தேன்? சிவபிரகாஷ் வந்தான். ஆலை வந்தா முப்பது பொம்பளைகளுக்கு வேலைன்னான். குடுத்தேன். இன்னைக்கும் அங்க முப்பது பேரு வேலை பாக்குறாங்களா இல்லையா?"

"வாரியில தண்ணி வரலைன்னு எழுதியிருக்கீங்களே! அந்த வருசம் பாலத்துல தண்ணி போய் பஸ் நின்னுச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அவன் சொன்னான், எழுதுனேன். நான் என்ன அளவுகோலை எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போய்ப் பாக்கவா முடியும்? நீ படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"படிக்கிறதுக்கு அதுல என்ன இருந்துச்சு?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். ஆத்மநாதன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"கத்தாத. மாவட்டம் போன் பண்ணுனாரு." கட்சியின் மாவட்டச் செயலாளரை அந்த வீட்டில் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். "எல்லாத்தையும் பேசி முடிச்சாச்சு. கையெழுத்து என்னுதில்லைன்னு ஒரு மனுத் தாக்கல் பண்ணிரு. ஆபீஸ்ல டைப் அடிச்ச நாகராசு மேல ஒரு கம்ப்ளெயின்ட்டு. லெட்டர் பேடைத் திருடிக் கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டான்னு. சிவபிரகாஷும் நான் ஏமாந்துட்டேன்னு சொல்லி வாரியை விட்டுருவான், அவனுக்குக் கிழக்கால வேற பாதை இருக்கு. அந்த ஊர்க்காரவுகளுக்குத் தண்ணி கெடைச்சிரும், ஒனக்குப் பேரும் கெடாது. நேர்காணலுக்கு நிம்மதியாப் போகலாம்."

"நாகராசுக்கு?"

"அவனுக்கு என்ன, முன்ஜாமீன் எடுத்துக் குடுத்துரலாம். அஞ்சாறு வருசம் கேஸ் நடக்கும். அப்பறம் சாட்சி இல்லைன்னு தள்ளிப் போயிரும். ஒனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். அஞ்சாறு வருடம் மாதம் ஒருமுறை கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிடக் காத்திருக்கிறவர்களின் முகம் எப்படி ஆகும் என்று முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். ஆத்மநாதன் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த நாகராசுவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். எம்.எல்.ஏ. ஆபீசில் வேலைக்கு வந்தபோது அவனுக்கு முப்பது வயது. இப்போது முன் தலை ஏறியிருந்தது. அவளைக் கண்டதும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"கையெழுத்துப் போட வந்தீங்களாம்மா, வாங்க வந்தீங்களா?" என்று கேட்டான்.

"என்ன நாகராசு இப்படிக் கேக்குற?"

"காலையிலேயே கட்சி ஆளுங்க ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. மூணே மாசத்துல கேஸ் முடிஞ்சிரும், உள்ளயே போக வேண்டியிருக்காது, பெரியவங்க பாத்துக்குவாங்கன்னாங்க. நான் திருடுனேன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். எம் மக நர்சிங் முடிச்சிட்டு வெளிநாட்டுக்கு அப்ளிகேசன் போட்டிருக்கா. அப்பன் மேல கள்ளக் கையெழுத்து கேஸ் இருக்குன்னு தெரிஞ்சா..." மிஷின் மூடியைச் சாத்தினான். "சார் சொன்னாங்க, அடிச்சேன். நாலு வரியை மேலயே அடிச்சிட்டேன், கீழ எடம் கெடக்கே சார்னு கேட்டேன். பரவால்ல போகட்டும்னாங்க. இதுதான்மா நான் செஞ்ச தப்பு."

"ஒன் மேல நான் கம்ப்ளெயின்ட்டு எதுவும் குடுக்கல."

"இன்னும் குடுக்கலைன்னு சொல்லுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அடிக்கிற மாதிரிதான் சொன்னான். அவனிடம் கோபப்பட அவளுக்கு உரிமை இல்லை என்பதே அவளை மேலும் எரிச்சலாக்கியது. வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். நாகராசு அவரைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டான்.

அங்கிருந்து நேராக இலந்தைக்காட்டுக்குப் போனாள். அடைக்கலமேரி வீட்டு வாசலில் பலாப்பழங்களைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி போகும்வரை நின்று, பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பொய்யாக மனுக் கொடுத்தால் வாரி உடனே திறக்கும். உண்மையைச் சொன்னால் வழக்கு நடக்கும், ஜெயிக்கலாம், தோற்கலாம்.

"எதுக்கு இத எங்கிட்டச் சொல்றீங்க?" என்றாள் அடைக்கலமேரி.

"கேஸ் ஒங்களுது. ஒங்களக் கேக்காம..."

"வேணாம்மா. நல்லாத் தந்திரம் படிச்சிருக்கீங்க." அவள் குரல் உயர்ந்தது. "தண்ணி வேணும்னு சொன்னேன்னா, அந்தாளு குடும்பத்தைக் கெடுத்தது நாங்கன்னு ஆகும். வேணாம்னு சொன்னேன்னா, நாப்பது குடும்பமும் என்னைக் கரிச்சுக் கொட்டும். நீங்க செஞ்ச வேலைக்கு முடிவை எந் தலையில கொண்டாந்து எறக்குறீங்களே, இது நாயமா? எனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி வரணும். அது ஒங்க பாடு."

காரில் திரும்பி வரும்போது பிரகதீஸ்வரி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடைக்கலமேரி சொன்னது முழுக்க நியாயம். தான் அங்கே போனது யோசனை கேட்க அல்ல, பழியில் பாதியை இறக்கி வைக்கத்தான். அது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. வடகாடு முக்கத்தில் குறுக்கே வந்த டூவீலர்காரனை ஹாரன் அடித்து விரட்டினாள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

தான் நடத்தும் வழக்கில் தானே சாட்சி சொல்ல வக்கீலுக்கு இடமில்லை. கூண்டில் ஏற வேண்டுமென்றால் வக்காலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கோர்ட்டில் சிவபிரகாஷுக்குப் பயப்படாமல் இந்த வழக்கை எடுக்கக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். வசந்த். வக்கீல் சங்கத் தேர்தலில் வந்த சண்டையில் ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் அறைக்குப் போய்க் கேஸ் கட்டை மேசைமேல் வைத்தாள்.

வசந்த் கட்டைப் பிரிக்காமலே கேட்டார். "கையெழுத்தை ஒத்துக்கப் போறீங்களா?"

"ஆமா."

"அப்ப சீட்டு?"

"ஒங்களுக்குக் கேஸ் வேணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"சேரன் ஒங்க தோலை உரிச்சிருவான்."

"உரிக்கட்டும்."

வசந்த் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு வந்தாள்.

வாய்தா நாளன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. முன்னாள் எம்.எல்.ஏ. கூண்டில் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டு, வழக்கே இல்லாத வக்கீல்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். அன்றுதான் அவள் முதல்முறையாக அங்கி இல்லாமல் அந்த அறைக்குள் வந்தாள். கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தியப் பிரமாணம் எடுத்தாள். வசந்த் கேட்டதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு சேரன் எழுந்தார்.

"எத்தனை வருசமா வக்கீலா இருக்கீங்க?"

"நடுவுல எம்.எல்.ஏ.வா இருந்த அஞ்சு வருசம் போக, முப்பத்தொரு வருசம்."

"வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு ஒங்ககிட்ட வர்ற ஜனங்களுக்குச் சொல்வீங்களா?"

"தெனமும் சொல்வேன்."

"ஆனா நீங்க போட்டீங்க."

"போட்டேன்."

"இந்த மாதிரி எத்தனை தாள்?"

"எண்ணல. வாரத்துக்கு முப்பது நாப்பது இருக்கும்."

"அப்படின்னா ஒங்க பேர்ல போன எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும் நம்ப முடியாதுன்னு இந்தக் கோர்ட்டுல சொல்றீங்களா?"

சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. அவள் மரக்கட்டையை விடவில்லை. "படிச்சுப் போட்டதும் இருக்கு. எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. அதனால, ஆமா. நம்ப முடியாது."

"இந்தக் கடிதத்தை அடிக்கச் சொன்னது யாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்தும் வைத்திருந்தாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"என் கணவர் ஆத்மநாதன் சொன்னார். டைப் அடிச்ச நாகராசுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதானே சொன்னார்?"

"எனக்குத் தெரியாது. என்னன்னு நான் கேக்கவும் இல்ல. அது என் தப்பு."

"சீட்டுக் கேக்குற நேரத்துல ஒங்க பேரைக் காப்பாத்திக்கத்தான் இப்படிச் சொல்றீங்க. சரியா?"

இரண்டு வாரமாக உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது பொங்கியது. "பேரைக் காப்பாத்துறதுக்கா? பேரைக் காப்பாத்தணும்னா கையெழுத்தே என்னுதில்லைன்னு சொல்லிட்டு, ஒரு ஏழையைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டுப் போயிருப்பேன் மிஸ்டர் சேரன்! அப்படிச் சொல்லச் சொல்லி ஆள் அனுப்புனது யாருன்னு ஒங்க கட்சிக்காரர் சிவபிரகாஷைக் கேளுங்க!"

"அம்மா," என்றார் நீதிபதி. "நீங்க இப்ப சாட்சி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சத்தம் வேண்டாம்."

"மன்னிக்கணும்."

சேரன் அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவர் கேட்டு வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் எதிரில் நிற்பவள் தடுமாறிவிட்டாள் என்று எண்ணியோ என்னவோ, இன்னும் ஒன்று கேட்டார்.

"கடிதம் எப்படிப் போயிருந்தாலும், அதுல எழுதியிருக்கது உண்மைதானே? அந்த வாரியில தண்ணி வந்ததே இல்லதானே?"

வசந்த் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

"அது முழுப்பொய்," என்றாள் பிரகதீஸ்வரி. இந்த முறை குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கடிதத்துல தேதி கார்த்திகை மாசம் போட்டிருக்கு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மழைச் சேதம் பாக்க நான் அந்த ஊருக்குப் போனேன். வாரியில இடுப்பளவு தண்ணி ஓடுச்சு, கார் தாண்ட முடியல. அக்கரையில நின்ன ஜனங்ககிட்ட இக்கரையில நின்னே பேசிட்டு வந்தேன். கூட தாசில்தாரும் இருந்தார். மழைச் சேத அறிக்கையில அது இருக்கும், வரவழைச்சுப் பாக்கலாம்."

சேரன் காகிதங்களைப் புரட்டினார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆத்மநாதன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"எம் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம். ஆபீஸ்ல யாரோன்னு சொல்லியிருக்கலாம். முப்பத்தேழு வருசம் வாத்தியாரா இருந்திருக்கேன். என்கிட்டப் படிச்ச பயலுக அந்தக் கோர்ட்டுல பத்துப் பேரு இருக்காங்க."

"யாரோன்னு சொன்னா அது நாகராசுன்னு ஆகும்."

"நீ எம்.எல்.ஏ. ஆகணும்னு நான் கேட்டேனா? அஞ்சு வருசம் ஒன் வாசல்ல காவக்காரன் மாதிரி நின்னேனே, அதுக்கு இதுதான் கூலியா?"

அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது. அவர் அரிமளத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். அவள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டாள்.

சென்னை நேர்காணலுக்கு அவளைக் கூப்பிடவில்லை. சீட்டு சிவபிரகாஷின் மச்சானுக்குப் போனது. அவன் தோற்றான் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம், அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. பார் கவுன்சிலுக்கு அவள்மேல் யாரோ புகார் எழுதிப் போட, விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கேஸ் கொடுத்திருந்தவர்களில் பாதிப் பேர் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நாகராசு கடையைத் திறந்துதான் வைத்திருந்தான். அவள் காரைக் கண்டால் இப்போது தலையாட்டுவான், அவ்வளவுதான்.

ஆவணி மாதம் தீர்ப்பு வந்தது. பழைய மழைச் சேத அறிக்கை அவள் சொன்னபடியே இருந்தது. இரண்டு மாதத்துக்குள் வாரியிலுள்ள மண்ணை அகற்ற வேண்டும் என்று உத்தரவு. தீர்ப்பில் அவளைப் பற்றி இரண்டு பத்தி இருந்தது. சட்டம் படித்த ஒரு மக்கள் பிரதிநிதி வெற்றுத்தாள்களில் கையொப்பமிட்டது வெட்கப்படத்தக்கது என்று நீதிபதி எழுதியிருந்தார். அவள் அந்த இரண்டு பத்தியையும் நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள். ஒரு சொல்லையும் அவளால் மறுக்க முடியவில்லை.

சிவபிரகாஷ் மேல்முறையீடு போனான். அங்கே வசந்த் விடாமல் நின்றார். கடைசியில், வழக்கு முடியும்வரை பாதை இருக்கலாம், ஆனால் தண்ணீர் போக அதன் அடியில் மூன்று பெரிய சிமென்ட் குழாய்கள் பதித்தாக வேண்டும் என்று இடைக்கால உத்தரவானது. ஐப்பசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் குழாய் லாரி வந்து இறங்கியது.

மழை பிடித்த நாலாம் நாள் காலை அடைக்கலமேரி போன் செய்தாள். பிரகதீஸ்வரி சாட்சி சொன்ன நாளுக்குப் பிறகு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"வந்து பாருங்க," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிரகதீஸ்வரி போனபோது குளத்தில் செம்மண் கலங்கிய தண்ணீர் பாதிவரை ஏறியிருந்தது. ஊரே கரையில் நின்றது. யாரோ ஒரு பெண் அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்னொரு ஆள் காறித் துப்பினான். அடைக்கலமேரி குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கரைக்கு அல்ல, பாதைக்கு.

"எண்ணுங்க."

இரண்டு குழாய்தான் இருந்தது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் மண்ணைப் போட்டு மெத்தி அடைத்திருந்தார்கள். ஒதுங்கிய தண்ணீர் அந்த மண்ணை முட்டிச் சுழன்று அடைக்கலமேரியின் தென்னங்கன்றுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"மூணுன்னு சொல்லிப்புட்டு ரெண்டு பதிச்சிருக்கானுவ. நேத்துக் கேட்டா, ரெண்டே போதும்னு அந்த மேஸ்திரி என்னைப் பாத்துச் சிரிக்கிறான். சிரிக்கிறான்மா!"

பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். போனை எடுத்து இரண்டு குழாயையும், மெத்தி வைத்த மண்ணையும், நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தாள். அடி கணக்கில் அளக்க ஒரு குச்சி கேட்டாள். யாரோ வேலியிலிருந்து கழியைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அளந்து எழுதிக்கொண்டாள். உள்ளே மறுபடி அந்தச் சூடு ஏறியது. ஆனால் இந்தத் தடவை அதை யார்மேல் காட்ட வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

"வசந்த் சார் பதினொரு மணிக்குக் கோர்ட்டுக்குள்ள போயிருவாரு. அதுக்குள்ள பிடிக்கணும். கோர்ட் உத்தரவை மதிக்கலைன்னு இன்னைக்கே மனுப் போடணும். நீங்களும் வரணும், கையெழுத்துப் போட."

அடைக்கலமேரி அசையாமல் நின்றாள். "எழுதி முடிச்சு, படிச்சுக் காட்டுன பிறவுதான் போடுவேன்."

"வரி வரியாப் படிச்சுக் காட்டுறேன்."

"ஒங்க மேல எனக்கு உள்ள கோவம் இன்னும் போகல."

"தெரியும். ஏறுங்க, நேரமாச்சு."

சேற்றுக் காலோடு இருவரும் காரில் ஏறினார்கள். ஆலை வாசலைத் தாண்டும்போது, பீடி பிடித்துக்கொண்டு நின்ற மேஸ்திரி கையைத் தூக்கி ஏதோ சொன்னான். அடைக்கலமேரி கண்ணாடியை இறக்கி, மழைச் சத்தத்துக்கும் மேலே கேட்கும்படி அவனைத் திட்டினாள். பிரகதீஸ்வரி வண்டியை மெதுவாக ஓட்டினாள், அவள் திட்டி முடிக்கட்டும் என்று.